நிறுத்தும் பொருளும் தங்கும் பொருளும்: சத்திரசிகிச்சைக் குருதித்தடையின் வரலாறும் தமிழ் மருத்துவ எழுத்தும்

1867ஆம் ஆண்டில் 'இரணவைத்தியம்' என்னும் நூல் தமிழில் வெளிவந்தது. மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவராகப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், இங்கிலாந்து மருத்துவர் றொபேட் துருயிற்று 1839இல் முதன்முதலாக வெளியிட்டுப் பல பதிப்புகள் கண்ட சத்திரவைத்தியக் கைந்நூலைத் தமிழாக்கியதன் பயன் அது. அதே ஆண்டில் யோசேப் லிஸ்டர், காயம் சீழ்ப்பிடிப்பதைக் கார்பொலிக் அமிலத்தால் தடுக்கும் முறையை 'லான்செற்' இதழில் விளக்கி எழுதினார். வலியைப் போக்க ஈதர் 1846இலும் குளோரபோம் 1847இலும் வந்துவிட்டிருந்தன. ஆக, சத்திரவைத்தியரைப் பன்னெடுங்காலம் அச்சுறுத்திய வலி, சீழ், குருதிப்பெருக்கு ஆகிய மூன்றனுள் முதலிரண்டுக்கும் அந்த இரு பத்தாண்டுகளுக்குள் வழி பிறந்தது. மூன்றாவதற்கு அவ்வாறு ஒரே விடை கிடைக்கவில்லை, இன்றும் கிடைத்துவிடவில்லை. கிடைத்தவை பல பொருள்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு துன்பத்தைத் தீர்த்து வேறொரு துன்பத்தைத் தன்னுடன் கொண்டுவந்தன.

காயத்தின் மேற்பரப்பில் நேரே இடப்படும் இத்தகைய குருதித்தடைப் பொருள்களின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருந்தியல் வரலாறுகள் இப்பொருள்களைப் பெரும்பாலும் முன்னேற்றத்தின் படிக்கட்டுகளாகவே வரிசைப்படுத்துகின்றன. அவ்வரிசை பிழையன்று, ஆயினும் முழுமையானதுமன்று. குருதி நின்றதைச் சத்திரவைத்தியர் தம் கண்முன்னே, சில நிமிடங்களில் காண்கிறார். இட்ட பொருள் உடலினுள் தங்கி விளைக்கும் தீங்கோ வாரங்கள், சிலவேளை ஆண்டுகள் கழித்து, வேறொரு மருத்துவரின் முன்னே வெளிப்படுகிறது. நன்மைக்கும் தீமைக்கும் இடையிலுள்ள இக்கால இடைவெளியே இவ்வரலாற்றை வழிநடத்தியது எனலாம். ஒவ்வொரு பொருளும் வேகமாகப் பரவியதற்கும் அதன் கேடு மெதுவாக அறியப்பட்டதற்கும் காரணம் இதுவே.

கட்டமுடியாத குருதி

பெருநாளம் ஒன்று அறுபட்டால் அதனைப் பிடித்து நூலாற் கட்டலாம். இது பண்டை உரோமில் செல்சசும் அறிந்திருந்த முறை. 1552இல் தான்விலியே முற்றுகையின்போது அம்புறோவாசு பரே, உறுப்பு நீக்கிய இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுடுவதை விடுத்து நாளங்களைக் கட்டினார் என்பது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சி. ஆனால் ஈரலின் வெட்டுமுகம், மண்ணீரலின் கிழிவு, மூளையின் மென்மையான இழையம், பிளந்த எலும்பின் மச்சை ஆகிய இடங்களில் கட்டுவதற்குப் பிடிதரும் நாளம் எதுவுமில்லை. அங்குக் குருதி பாய்வதில்லை, ஊறுகிறது. ஈரமணலிலிருந்து நீர் கசிவதுபோல் எங்கும் கசியும் அக்குருதிக்கு நூலும் இடுக்கியும் பயன்படா. மேற்பூச்சுப் பொருள்களின் தேவை இவ்விடத்திலேதான் எழுந்தது.

பழைய மரபுகளும் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தன. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் குருதியை நிறுத்தும் வழிகளை நான்காக வகுக்கிறது: துவர்ப்புப் பொருள்களாற் காயத்தைக் கூட்டுவது, குளிர்ச்சியாற் குருதியை உறையச்செய்வது, சாம்பலால் உலர்த்துவது, சுட்டு நாளத்தைச் சுருக்குவது. மென்மையான வழி பயனளியாதவிடத்தே அடுத்ததை நாடவேண்டும் என்றும், சுடுதலை இறுதிக்கு வைக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. வழிகளை எண்ணிச்சொன்னதைக் காட்டிலும் அவற்றை ஏறுவரிசையில் வைத்ததே இங்குக் கருதத்தக்கது. பொருளின் வலிமைகூடக் கூடக் கேடும் கூடும் என்னும் அறிவு அவ்வரிசையினுள் அடங்கியுள்ளது. தமிழ் மருத்துவர் கையாண்ட படிகாரம், மாசிக்காய், கடுக்காய், அன்னபேதி ஆகியனவும் துவர்ப்பு வகையினவே. இவற்றிலுள்ள உலோக உப்புகளும் தனின்களும் காயப்பரப்பிலுள்ள புரதங்களை வீழ்படியச்செய்து நுண்ணாள முனைகளை அடைக்கின்றன. முகம் மழிக்கையில் ஏற்படும் கீறலுக்குப் படிகாரக் கட்டியைத் தேய்க்கும் நாவிதர் கடைப் பழக்கம் இதே விதியைத்தான் பின்பற்றுகிறது.

இரும்பு தந்த பாடம்

கிறீன் மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்த ஆண்டுகளில் மேலைநாட்டுச் சத்திரவைத்தியரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தவை இரும்பின் உப்புகள். பிரெஞ்சுப் படையின் மருந்தாளரான லெயோன் மொன்செல், அன்னபேதியைக் கந்தக அமிலத்துடனும் நைத்திரிக் அமிலத்துடனும் சேர்த்துக் காய்ச்சிப் பெற்ற கரைசல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் இரும்புக் குருதித்தடை மருந்துகள் காயங்களுக்கு இடப்பட்டன. தமிழ் மருத்துவரின் அன்னபேதியும் மொன்செலின் கரைசலும் ஒரே கனிமத்தின் இரு நிலைகள் என்பதை இரு மரபுகளையும் ஒப்பிடுவோர் பெரிதும் கவனிப்பதில்லை. ஆய்வுகள் மருத்துவத்தைக் கீழை, மேலை எனப் பிரித்துவைத்து எழுதப்படுவதால் நேர்ந்த இழப்பு இது.

இரும்பின் மீது வைத்த நம்பிக்கை எல்லைகடந்த இடமும் உண்டு. 1853இல் லியோன் நகரச் சத்திரவைத்தியர் சார்ள்சு பிரவாசு, நாடி வீக்கத்தினுள் இருக்கும் குருதியையே உறையச்செய்யும் எண்ணத்துடன் இரும்புப் பெர்குளோரைட்டை உட்செலுத்துவதற்கு ஒரு சிறு பீச்சுகுழலை அமைத்தார். இன்று உலகெங்கும் புழங்கும் ஊசிப் பீச்சுகுழலின் முன்னோடிகளுள் ஒன்று குருதித்தடைப் பொருளைச் செலுத்தவே பிறந்தது. ஆனால் காயத்தின் மேல் நன்மை செய்த பொருள் நாளத்தினுள் நஞ்சாயிற்று. நாளக்கட்டிகளிலும் குழந்தைகளின் பிறவி நாளமச்சங்களிலும் அதைச் செலுத்தியபோது, உறைந்த குருதி அவ்விடத்தில் நில்லாது பெயர்ந்துசென்று உயிரைக் குடித்த நிகழ்ச்சிகள் பதிவாயின. குருதியை உறையவைக்கும் ஆற்றல் எங்கே தொழிற்படவேண்டும் என்பதை மருந்து அறியாது, இட்டவர்தாம் அறிந்திருக்கவேண்டும். இவ்வுண்மை பின்னர்ப் பலமுறை மறக்கப்பட்டுப் பலமுறை மீண்டும் கற்கப்பட்டது.

மொன்செலின் கரைசல் மறைந்துவிடவில்லை. தோல்நோய் மருத்துவரும் பெண்நோயியலாளரும் சிறு இழையத்துண்டு எடுத்த இடத்தில் அதை இன்றும் தடவுகின்றனர். இரும்பு தோலில் நிறக்கறையாகத் தங்கலாம். அதே இடத்திலிருந்து மீண்டும் இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பவரை அப்படிவு குழப்பலாம். சிறிய கேடுதான். ஆயினும் பின்வந்தவற்றின் இயல்பை அது முன்னரே காட்டிவிட்டது.

கரையாத மெழுகு

எலும்பின் குருதிக்கு விடை தந்தவர் இலண்டன் நரம்பியல் சத்திரவைத்தியர் விக்ரர் ஹோர்சிலி. மண்டையோட்டைத் திறக்கும்போது எலும்பின் கடற்பஞ்சு போன்ற இடைப்படையிலிருந்து ஊறும் குருதியை அடைக்க, தேன்மெழுகு ஏழு பங்கும் வாதுமை எண்ணெய் ஒரு பங்கும் சிறிதளவு சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த கலவையை 1892இல் அவர் அறிவித்தார். அது குருதியின் வேதியியலில் எவ்வகையிலும் தலையிடவில்லை. ஓட்டைச் சட்டியை மெழுகால் அடைப்பது போன்ற எளிய செயல் அது. மலிவானது, எந்த வைத்தியசாலையிலும் ஆக்கத்தக்கது, உடனே பயன்தருவது. மூளைச் சத்திரசிகிச்சை ஒரு துறையாக வளர்ந்ததில் இவ்வெளிய மெழுகுக்கும் பங்குண்டு.

ஆனால் மெழுகை உடல் செரிப்பதில்லை. ஆண்டுகள் கழிந்தும் அது இட்ட இடத்திலேயே கிடக்கும். எலும்பின் இரு முனைகளுக்கிடையே கிடந்து அவை பொருந்துவதைத் தடுக்கும். அயற்பொருளாகிச் சுற்றிலும் அழற்சித் திரளை உண்டாக்கும். கிருமிகள் ஒதுங்குவதற்கு இடமளிக்கும். இதயச் சத்திரசிகிச்சைக்காக மார்பெலும்பைப் பிளப்போர் அதனை இயன்றவரை குறைத்துப் பூசுவதும், சிலர் முற்றிலும் தவிர்ப்பதும் இதனாலேயே. நூற்றாண்டுக்கு மேலாகியும் மெழுகு வழக்கொழியாமைக்கு அதன் நேர்மையும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. அது கரைவதாகப் பாவனை செய்வதில்லை. தன் கேட்டையும் மறைப்பதில்லை.

போரும் கரையும் பொருள்களும்

உடல் தானே உட்கொண்டு கரைத்துவிடும் பொருள் ஒன்று வேண்டும் என்னும் அவா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. உறைந்த குருதியின் வலைப்பின்னலாகிய பைபிரினை உலர்த்திப் பொடியாக்கிக் காயத்திலிடுவதை 1909இல் செர்மானியரான பேர்கல் முயன்றார். 1911இல் ஹார்வி குசிங், மூளைக்கட்டிகளை அகற்றும்போது சிறு வெள்ளிக் கவ்விகளையும் நோயாளியின் தசையிலிருந்து வெட்டிய துண்டுகளையும் பயன்படுத்தியதை எழுதினார். 1915இல் கிரே பைபிரினை மூளைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்தார். இவை தனித்தனி முயற்சிகளாகவே நின்றன. அவற்றைத் தொழிலாக்கியது இரண்டாம் உலகப்போர்.

ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் எட்வின் கோன் தலைமையில், போர்க்களத்துக்கு ஏற்ற குருதிப் பொருள்களைப் பெறும்பொருட்டு மனிதப் பிளாஸ்மாவைப் பகுதிபகுதியாகப் பிரிக்கும் பெருந்திட்டம் நடைபெற்றது. அல்புமின் அதன் முதன்மை விளைவு. பைபிரினோஜனும் துரொம்பினும் உடன்கிடைத்தவை. அவற்றிலிருந்து ஆக்கிய பைபிரின் நுரையை 1944இல் இங்கிரகாமும் பெய்லியும் நரம்பியல் சத்திரசிகிச்சையிற் கையாண்டனர். அதே காலத்தில் செலுலோசும் மருத்துவத்துக்கு வந்தது. வந்த வழிதான் எதிர்பாராதது. ஒளிப்படத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோடாக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் யாக்கல், கென்யன் என்னும் இருவர், நைதரசன் ஈரொட்சைட்டால் செலுலோசை ஒட்சியேற்றும் முறையை 1942இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே நியூயோர்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் நோயியலாளர் வேர்சீனியா பிரான்ற்சு, இவ்வாறு மாற்றப்பட்ட பஞ்சும் தாளும் துணியும் உடலினுள் உறிஞ்சப்படுகின்றன என்று காட்டினார். திரேசி பற்னம் துரொம்பினில் நனைத்த கரையும் செலுலோசை மூளையில் இட்டதும் 1943இலேயே. 1945இல் கொரலும் வைசும் பன்றித்தோலிலிருந்து பெற்ற ஜெலற்றினை நுரைக்கச்செய்து உலர்த்திய பஞ்சினை அறிமுகஞ்செய்தனர். மூன்றாண்டுகளுக்குள், இன்றைய சத்திரசிகிச்சைக் கூடத்தில் நாள்தோறும் பிரிக்கப்படும் பொதிகளுட் பெரும்பாலானவற்றின் மூதாதைகள் அனைத்தும் தோன்றிவிட்டன.

இவற்றால் விளைந்த நன்மையைக் குறைத்துக் கூறுதல் தகாது. கிழிந்த மண்ணீரலை வெட்டி எறியாமற் காப்பாற்றுவதும், ஈரலின் ஒரு பகுதியை மட்டும் அகற்றுவதும், குருதி உறையாமை நோயுடையவர்க்குப் பல் பிடுங்குவதும் இப்பொருள்களின் துணையால் எளிதாயின. உறைதலைத் தடுக்கும் மருந்து ஏற்றிய நிலையிலேயே இதயத்தைத் திறந்து மூடவேண்டியிருக்கும் சத்திரவைத்தியருக்கு, தையலின் துளைகளிற் கசியும் குருதியை நிறுத்த வேறு வழிகள் மிகச்சிலவே.

எனினும் 'கரையும்' என்னும் சொல் ஓர் அசட்டையைக் கற்பித்தது. தானே கரைந்துவிடும் பொருளை ஏன் எடுத்துவிடவேண்டும்? ஜெலற்றின் பஞ்சு தன் எடையைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு குருதியை உறிஞ்சி உப்பவல்லது. முற்றாகக் கரைய நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். வயிற்றறையின் அகன்ற வெளியில் உப்பினால் இடையூறில்லை. முள்ளந்தண்டின் எலும்புத் துளையில் உப்பினாலோ நரம்பு நசியும். ஒட்சியேற்றிய செலுலோசு முள்ளந்தண்டை அண்டிய ஒடுங்கிய எலும்பு இடைவெளிகளில் விடப்பட்டதால் நோயாளர் சிலர் செயலிழந்தமை குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004 ஏப்பிரலில் பொது எச்சரிக்கை விடுத்தது. பொருள் கண்டறியப்பட்டு அறுபதாண்டுகள் கழிந்தபின் வந்த எச்சரிக்கை அது. இத்தகைய இடங்களில் குருதி நின்றதும் அதனை நீக்கிவிடவேண்டும் என்பதே பயன்பாட்டுக் குறிப்பின் பணிப்பு. நிறுத்தியதை நீக்கினால் மீண்டும் பெருகுமோ என்னும் அச்சமும், விட்டுவைத்தால் வீங்குமோ என்னும் அச்சமும் சத்திரவைத்தியரின் கையில் அந்தக் கணத்தில் ஒருங்கே நிற்கின்றன. பணிப்பை எழுதுவது எளிது.

செலுலோசுக்கு மற்றொரு விசித்திரமும் உண்டு. அது அமிலத்தன்மையுடையது. அவ்வமிலம் கிருமிகளை ஒடுக்குவது நன்மை. ஆனால் அதே அமிலம் துரொம்பினின் ஆற்றலையும் கெடுத்துவிடும். இரு நல்ல பொருள்களைச் சேர்த்தால் இருமடங்கு நன்மை கிடைக்கும் என்னும் எண்ணம் இங்குப் பொருந்தாது.

குருதியை நிறுத்தி, குருதியைப் பெருக்கிய மருந்து

இவ்வரலாற்றில் மிகவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது துரொம்பினின் கதை. உறைதலைத் தூண்டும் நொதியம் ஒன்று குருதியில் உண்டு என்பதைத் தோர்பாத்துப் பல்கலைக்கழகத்தின் அலெக்சாந்தர் சிமித் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறுவினார். அந்நொதியத்தை மாட்டின் குருதியிலிருந்து தூய்மையாக்கிக் காயங்களிற் பயன்படுத்தும் வழியை 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தார் வகுத்தனர். உடலின் சொந்த வழியையே பின்பற்றும் மருந்து என்பதால் அது ஏறக்குறையக் குற்றமற்றதாகக் கருதப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் எண்ணற்ற சத்திரசிகிச்சைகளில் தெளிக்கப்பட்டது.

மாட்டுத் துரொம்பின் எனப்பட்ட தூளில் துரொம்பின் மட்டும் இருக்கவில்லை. மாட்டின் ஐந்தாம் உறைதற்காரணி உள்ளிட்ட வேறு புரதங்களும் மாசுகளாகக் கலந்திருந்தன. மனித உடல் அவற்றை அயலென அறிந்து எதிர்ப்பொருளை ஆக்கிற்று. மாட்டுப் புரதமும் மனிதப் புரதமும் உருவில் நெருங்கியவையாகையால், சிலரிடத்தில் அவ்வெதிர்ப்பொருள் அவர்தம் சொந்த ஐந்தாம் காரணியையும் தாக்கிற்று. அதன் விளைவாகச் சத்திரசிகிச்சை முடிந்து நாள்கள் கழித்து, காயம் ஆறிக்கொண்டிருக்கையில், குருதி உறையாது பெருகத் தொடங்கிற்று. குருதியை நிறுத்த இட்ட மருந்தே குருதியைப் பெருக்கியது. முன்னர் ஒருமுறை அம்மருந்துக்கு ஆட்பட்டவரிடம் மறுமுறை ஆபத்து மிகுதி. முதன்முறை அவருக்கு அது தெளிக்கப்பட்டது என்பதை எத்தனை நோயாளர் அறிந்திருப்பர்?

1996இல் மருந்தின் உறையில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை பொறிக்கப்பட்டது. 2001இல் வெளிவந்த ஆய்வொன்று, இதயச் சத்திரசிகிச்சையில் மாட்டுத் துரொம்பினுக்கு ஆட்பட்ட 151 நோயாளரைத் தொடர்ந்து நோக்கியது. 95 வீதத்துக்கு மேற்பட்டோரிடம் மாட்டு உறைதற்புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும், 51 வீதத்தினரிடம் அவற்றுக்கு ஒத்த மனிதப் புரதங்களுக்கு எதிரானவையும் உயர்ந்து காணப்பட்டன. எதிர்ப்பொருள் தோன்றிய அனைவருக்கும் குருதிப்பெருக்கு நேர்ந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். உற்பத்தியாளர் மாசுகளைக் குறைத்தனர். 2007இல் மனிதப் பிளாஸ்மாவிலிருந்து பெற்ற துரொம்பினும், 2008இல் மரபணுப் பொறியியலால் ஆக்கிய துரொம்பினும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

மனித மூலம் மாட்டு மூலத்தைவிடப் பாதுகாப்பானது என்று கொள்வதற்கும் வரலாறு இடந்தரவில்லை. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றுகலந்து பெற்ற பைபிரினோஜன் செறிவுகளால் ஈரலழற்சி பரவும் ஆபத்தைக் கருதி அமெரிக்கா 1977–78இல் அவற்றின் உரிமத்தை விலக்கிக்கொண்டது. ஐரோப்பா வேறு வழியிற் சென்றது. வியன்னாவில் எலேனா மாத்திராசும் உடனாய்வாளரும் அறுந்த நரம்பைப் பைபிரின் பசையால் ஒட்டியதை 1972இல் வெளியிட்டிருந்தனர்; அப்பசை அங்கு விற்பனைப் பொருளாயிற்று. கிருமிநீக்க முறைகள் வளர்ந்தபின் 1998இலேயே அமெரிக்கா அதனை ஏற்றது. ஏறக்குறைய இருபதாண்டுகள், அத்திலாந்திக்கின் ஒரு கரையில் ஏற்கத்தக்க துணிவாகக் கருதப்பட்டது மறுகரையில் ஏற்கத்தகாததாகக் கருதப்பட்டது. இரு தரப்பாரும் ஒரே வேதியியலைத்தான் படித்திருந்தனர்.

இடும் முறையும் கேட்டுக்கு வழியாகலாம். பைபிரின் பசையை அழுத்தவாயுவால் தெளிக்கும் கருவியை இழையத்துக்கு மிக அருகிற் பிடித்தபோது, வாயு நாளங்களினுட் புகுந்து உயிருக்கு ஊறு நேர்ந்தமையால் 2010இல் எச்சரிக்கை வெளியிடப்பட்டது. போர்க்களத் தூள்களின் கதையும் இதனை ஒத்ததே. 2002ஐ ஒட்டி வந்த சியோலைற்று மணிகள் குருதியின் நீரை உறிஞ்சுகையில் வெப்பத்தை வெளிவிட்டுச் சுற்றியுள்ள தசையைச் சுட்டன. பின்னர் 2008இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்ற களிமண் வகைத் தூள் ஒன்று, விலங்காய்வில் நாளங்களின் உட்சுவரைக் கெடுத்து உள்ளே குருதிக்கட்டிகளை உண்டாக்குவது தெரிந்ததும் 2009இலேயே நிறுத்தப்பட்டது. பிரவாசின் பீச்சுகுழலிலிருந்து இத்தூள்வரை ஒன்றரை நூற்றாண்டு, பாடம் ஒன்றே. ஆனால் இம்முறை அது ஓராண்டுக்குள் கற்கப்பட்டது.

தமிழிற் சொல்லுதல்

கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். இரணவைத்தியத்தை அடுத்து 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் வந்தன. வடசொல்லையும் தமிழ்ச்சொல்லையும் தயங்காது எடுத்து, இரண்டும் உதவாவிடத்து ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் ஈறு சேர்த்தது அவர்தம் முறை. 'கெமிஸ்தம்' என்னும் தலைப்பே அதற்குச் சான்று. தனித்தமிழ் நோக்கினர் அதனைக் குறைகாணக்கூடும். ஆனால் பாடத்தைக் கேட்ட மாணவன் மறுநாள் நோயாளிக்கு விளக்கக்கூடிய மொழியில் அதனைக் கேட்டான் என்பது அதனினும் பெரிய செய்தி.

1943க்குப் பின்வந்த பொருள்களுக்கு அத்தகைய தமிழ் எழுத்து வாய்க்கவில்லை. அவற்றைக் குறிக்க வழக்கூன்றிய பெயர்கள்கூட இல்லை. ஆங்கிலம் இவையனைத்தையும் ஒரே பெயரில் அடக்கி, வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. தமிழ் வினைச்சொற்களைக் கொண்டே நோக்கினால் பகுப்பு தெளிவாகும். மெழுகு அடைப்பது, ஜெலற்றினும் செலுலோசும் கொலாஜனும் தாங்குவன, அதாவது குருதி தானே உறைவதற்குச் சாரம் கட்டித்தருவன, துரொம்பின் உறைவிப்பது, பைபிரின் பசை ஒட்டுவது. இது சொல்விளையாட்டன்று. தாங்குவனவற்றுக்கு நோயாளியின் குருதியில் உறையும் ஆற்றல் இருந்தாக வேண்டும். அவ்வாற்றல் குன்றியவரிடம் உறைவிப்பதும் ஒட்டுவதுமே பயன்படும். அடைப்பதன் கேடு அது தங்குவதிலும், தாங்குவதன் கேடு பெரும்பாலும் வீங்குவதிலும், உறைவிப்பதன் கேடு நாளத்தினுட் புகுவதிலும் எதிர்ப்பொருளைத் தூண்டுவதிலும் உள்ளன. வினை தெரிந்தால் கேட்க வேண்டிய வினாவும் தெரியும்.

அவ்வினாக்களுள் தமிழருக்கு நெருக்கமானது ஒன்றுண்டு. ஜெலற்றின் பன்றியிலிருந்தும், கொலாஜனும் பழைய துரொம்பினும் மாட்டிலிருந்தும், பைபிரினோஜன் மனிதரிலிருந்தும் வருவன. புலாலுண்ணாத சைவருக்கும், இசுலாமியத் தமிழருக்கும், பிறர் குருதியை ஏற்காத கிறித்தவப் பிரிவினருக்கும் இம்மூலங்கள் பொருட்படுத்தத்தக்கவை. உயிர் காக்கும் நிலையில் பலர் உடன்படுவர். சிலர் மாற்றுப்பொருள் உண்டா எனக் கேட்பர். செடியிலிருந்து பெறப்படும் செலுலோசு உண்டு என்பதே பல வேளைகளில் விடையாக இருக்கும். ஆனால் கேட்பதற்கு முன் தெரிந்திருக்கவேண்டும். ஒப்புதற் படிவத்தில் இப்பொருள்கள் 'சத்திரசிகிச்சைக்குத் தேவையான பிற பொருள்கள்' என்னும் ஒரு தொடருள் ஒடுங்கிவிடுமாயின், ஆங்கிலமறியாத முதிய நோயாளிக்காக அதனை மொழிபெயர்ப்பவர் மூலத்தில் இல்லாததைச் சொல்ல இயலாது. புலம்பெயர்ந்த நாடுகளில் அம்மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் நோயாளியின் மகனோ மகளோதான்.

தங்கும் பொருளைப் பற்றிய அறிவு சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடுவதுமில்லை. வயிற்றறையில் விடப்பட்ட செலுலோசு தன் இழைகளுக்கிடையே வாயுவைப் பிடித்துவைப்பதால், சில வாரங்கள் கழித்து எடுக்கும் கணினிக் கதிர்ப்படத்தில் சீழ்க்கட்டி போலத் தோற்றமளிக்கும். மூளையில் விடப்பட்டது, அகற்றிய கட்டி மீண்டும் வளர்ந்ததுபோலக் காட்டும். படத்தைப் பார்ப்பவர் வேறு வைத்தியசாலையில், சிலவேளை வேறு நாட்டிலேயே இருப்பார். சத்திரசிகிச்சைக் குறிப்பில் எந்தப் பொருள், எவ்விடத்தில், எவ்வளவு விடப்பட்டது என்னும் ஒரு வரி இருந்து, அது நோயாளியிடமும் அவர் படிக்கும் மொழியில் இருந்தால், அவர் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார். இல்லையேல் சீழ் இல்லாத இடத்தில் சீழைத் தேடி வயிறு மறுமுறையும் திறக்கப்படும்.